தாய்ப்பால் யார் கடன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு நிற்க வேண்டிய பெண், பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். மின்சார ரயிலானாலும் கம்பெனி பஸ்ஸானாலும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இடையில் எட்டு மணி நேர வேலை. ஓவர்டைம் இல்லாத நாளிலேயே பத்து மணி நேரம் அவள் வீட்டில் இல்லை. கைக்குழந்தையோ இரண்டு மணிக்கொருமுறை, மூன்று மணிக்கொருமுறை பாலுக்கு அழும். ஆக, ஒரு ஷிப்ட் என்பது குழந்தையின் கணக்கில் நான்கு வேளைப் பால். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த யாரும் அந்தப் பெண்ணிடம் போய் 'தாய்ப்பாலை நிறுத்திடாதேம்மா' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் வரும்போது நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் குழந்தையை அணைத்த தாயின் படம், அதன் கீழே 'தாய்ப்பால் கொடுங்கள்' என்று ஒரு வரி. அந்த ஏவலுக்கு எழுவாய் ஒருத்திதான். படத்தில் வேறு ஆளே கிடையாது.

தாய்ப்பாலின் மேன்மையில் எனக்கு ஐயமில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூடச் சேர்க்காமல் தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த சோற்றோடு இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் நெடுங்கால ஆய்வுகளின் மேல் நிற்கிறது. தாய்ப்பாலூட்டல் உலகெங்கும் போதிய அளவுக்கு உயர்ந்தால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் சாவையும், மார்பகப் புற்றுநோயால் 20,000 பெண்கள் இறப்பதையும் தடுக்கலாம் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுத் தொடர் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய நன்மையைச் செய்வது கடமை என்று தோன்றுவது இயல்பே. என் கேள்வி அதற்கு அடுத்தது. அந்தக் கடமை யார் தலையில் நிற்கிறது? செய்ய வழியில்லாத ஒன்றைச் செய் என்று ஒருவரிடம் சொல்வது அறமாகுமா? தமிழில் 'கடன்' என்றால் கடமை. திருப்பித் தர வேண்டிய பாக்கிக்கும் அதே சொல்தான். தாய்ப்பாலைத் தாயின் கடன் என்று பேசும்போது முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவளுக்கு நாம் தர வேண்டிய பாக்கி பேச்சில் வருவதே இல்லை. அந்தப் பாக்கி தீர்ந்த பிறகுதான் அவள் கடமை என்பதே தொடங்குகிறது என்பது என் வாதம். அதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் பழம்பாட்டிலும் பக்தியிலும் கிடக்கிறது.

புறநானூற்றின் 164ஆம் பாட்டு, பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் குமணன் என்ற வள்ளலைக் கண்டு பாடியது. வீட்டில் சமைத்து நாளாகி அடுப்பில் காளான் முளைத்திருக்கிறது. பட்டினியில் தாயின் மார்பு வற்றிப்போயிற்று. குழந்தை சப்பிப் பார்த்துப் பால் வராமல் அழுகிறது. அதன் முகத்தைப் பார்க்கும் தாயின் கண்ணில் நீர் நிறைகிறது. அவளைப் பார்த்த கணவராகிய புலவர் குமணனைத் தேடி வருகிறார். வறுமையைச் சொல்லிப் பரிசில் கேட்கும் பாட்டு என்று இதைப் படித்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு இது அறத்தைப் பற்றிய பாட்டாகவே படுகிறது. பால் வற்றியது யார் குறை என்று கேட்டால், அந்தப் பாட்டு தாயைச் சுட்டுவதில்லை. பார்வை படிப்படியாக மேலேறுகிறது. குழந்தையின் அழுகை தாயின் கண்ணுக்கு, தாயின் துயரம் கணவனின் கண்ணுக்கு, அவருடைய கண் கொடுக்க வல்லவனிடம். ஓரிடத்திலும் அது கீழே திரும்பி அவளிடம் கணக்குக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் மார்பில் பால் இல்லாததற்கும் நாடாள்பவனுக்கும் தொடர்பு உண்டு என்பதை அன்றைக்குக் கேட்டவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நாம் அந்தப் பார்வையைத் தாயின் முகத்தோடு நிறுத்திவிட்டோம்.

இதை மறுப்பவர்கள் அதே புறநானூற்றிலிருந்தே ஒரு பாட்டை எடுத்துக் காட்டலாம். பொன்முடியாரின் 312ஆம் பாட்டு, பெற்று வளர்ப்பதைத் தன் கடன் என்று ஒரு தாயின் வாயாலேயே சொல்கிறது. உண்மைதான். ஆனால் மேடைகளில் பெரும்பாலும் அந்த முதல் அடியோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டு நிற்கவில்லை. மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நல்ல ஒழுக்கம் தருவது வேந்தனுக்கு என்று கடன்களைப் பங்கிட்டுக்கொண்டே போகிறது. பிள்ளையைப் போருக்கு அனுப்பும் பாட்டு அது. அந்த வீரப் பெருமிதம் இன்று நமக்கு வேண்டியதில்லை. அதன் பங்கீடு வேண்டும். ஒரு பிள்ளையை ஆளாக்குவதில் இரும்படிக்கிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்த சமூகம், தாயின் பங்கை மட்டும் தனியே பிடுங்கி எடுத்துப் பேசியிருக்காது. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் வரிசையாக நிற்கின்றன. பொன்முடியாரின் கொல்லன் இன்று அங்கே இருக்கிறான். அவனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட வேண்டுமானால் பாட்டின் மூன்றாம் அடியை அழித்துவிட்டுத்தான் வாதிட வேண்டும்.

பால் சுரப்பது மனவுறுதியால் நடக்கும் காரியமும் அல்ல. குழந்தை சப்பும்போது தாயின் உடம்பில் இரண்டு ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் அதைக் காம்புக்குத் தள்ளுகிறது. மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் ஊறும். நான்கு வேளை எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும், காய்ச்சலும் வரும். நாள்கணக்கில் அப்படியே போனால், இவ்வளவு பால் தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். வலியும் அச்சமும் களைப்பும் ஆக்சிடோசினைத் தடுக்கும். 'எனக்குப் பால் பத்தலை' என்று வேலைக்குப் போகும் பெண் சொல்லும்போது, பல சமயம் அது பிறவியில் வந்த குறையாக இருப்பதில்லை. அவளுடைய நாள் வெட்டப்பட்டிருக்கும் விதத்தில் உண்டானதாக இருக்கிறது. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் செய்து போடும் மாமியாரின் அக்கறை உயர்ந்தது. ஆனாலும் பகல் முழுக்க எடுக்கப்படாத பாலுக்குப் பூண்டு ஈடு செய்யாது.

இதைப் புள்ளிவிவரத்திலும் பார்க்கலாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் இங்கே சுமார் 60 சதவீதம்; இந்திய அளவில் 42 சதவீதம்தான். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 55 சதவீதம், இந்திய அளவில் 64. தொடக்கத்தில் நாட்டை முந்தி நிற்கும் மாநிலம் தொடர்வதில் பின்தங்கி நிற்கிறது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நூற்றுக்கு 45 குழந்தைகள் சிசேரியனில் பிறப்பதும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் நம் பெண்களுக்கு விருப்பம் குறைந்துவிட்டது, விழிப்புணர்வு போதவில்லை என்ற விளக்கம் இந்த எண்களோடு ஒட்டவில்லை. விருப்பம் இல்லாதவர்கள் முதல் மணி நேரத்திலேயே பின்வாங்கியிருப்பார்கள். முதல் மணியில் மருத்துவமனை செவிலியர் பக்கத்தில் இருக்கிறார். மூன்றாம் மாதம் யார் இருக்கிறார்கள்? இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டு ஆலைகளில் இருப்பவர்கள் என்று 2019–20ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு சொன்னபோது மாநிலமே பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டியதுதான். அந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரியது பாக்கியும்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வார விடுப்பை 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. 50 ஊழியர்கள் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் அங்கே நாளைக்கு நான்கு முறை போய்வர அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. இதில் நான் நின்று பார்ப்பது அந்த 50 என்ற எண்ணை. பழைய தொழிற்சாலைகள் சட்டம் காப்பகத்துக்குப் பெண் தொழிலாளர்களை மட்டும் எண்ணியது. 2017இன் திருத்தம் ஊழியர்கள் என்று சொல்லி ஆண்களையும் சேர்த்து எண்ணுகிறது. சட்டம் எழுதியவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, ஒரு பெரிய மெய்யியல் நகர்வு அந்த ஒரு சொல்லில் நடந்துவிட்டது. பிள்ளை பெண்ணுக்கு மட்டும் உரிய பொறுப்பு இல்லை, அந்தக் கூரையின் கீழ் வேலை செய்யும் அத்தனை பேருடைய பொறுப்பு என்று அது சொல்கிறது. ஆனால் கேட்டுக்கு உள்ளே வரும்போது இந்தச் சொல் மெலிந்துவிடுகிறது. லேபர் கான்ட்ராக்டர் மூலம் வருகிறவள் கம்பெனியின் கணக்கிலும் சேராமல், கான்ட்ராக்டரின் கணக்கிலும் நிலைக்காமல் போகலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காகிதத்தில் முறித்துவிடலாம். நாள்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இருந்தும் பாலூட்டும் இடைவேளை என்பது குழந்தை பக்கத்தில் இருந்தால்தான் இடைவேளை. பிள்ளை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அது தேநீர் குடிக்கும் நேரமாகவே முடியும்.

பிள்ளையைக் கொண்டுவர முடியாத இடத்தில் என்ன செய்வது? இதற்கு வழி சொல்ல நம் சமயத்தில் ஒரு பழங்கதையே இருக்கிறது. சீர்காழிக் கோயில் குளத்தில் தந்தை சிவபாத இருதயர் குளிக்க இறங்குகிறார். கரையில் நின்ற மூன்று வயதுக் குழந்தை அழுகிறது. இறைவன் சொல்ல, உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் எடுத்துக் குழந்தையின் கண்ணீரைத் துடைத்துக் குடிக்க வைக்கிறாள். சேக்கிழார் சொல்லும் இந்தச் சம்பந்தர் வரலாற்றை ஞானத்தின் குறியீடாகவே உரைகாரர்கள் விரித்திருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. கதையின் வெளிப்புறத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் இங்கே பீச்சி எடுத்துக் கிண்ணத்தில் தரப்படுகிறது. எடுத்து வைத்த தாய்ப்பாலைப் புட்டியில் அடைக்காமல் கிண்ணத்திலோ பாலாடையிலோ புகட்டுங்கள் என்றுதான் இன்றைய குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். அடுத்தது, பால் கொடுக்கப்பட்ட இடம் நாலு பேர் வந்துபோகும் குளக்கரை. மூன்றாவது, கரையேறிய தந்தை குழந்தையின் வாயில் பாலைக் கண்டதும் கையில் கோலை எடுத்துக்கொண்டு, யார் கொடுத்த பால் என்று அதட்டுகிறார். குழந்தைக்குப் பசித்ததா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கோல் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. பஸ் நிலையத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓரமாகத் திரும்பி உட்காரும் தாயின் முதுகில் விழும் பார்வைதான் அது. 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 352 பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது, நல்ல செயல். ஆனால் பயணம் செய்கிறவள் அந்த அறையில் இருப்பது பதினைந்து நிமிடம். ஷிப்ட்டில் நிற்கிறவள் எட்டு மணி நேரம் ஒரே கேட்டுக்குள் இருக்கிறாள். அங்கே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி இவ்வளவு இருந்தால் நான்கு வேளைப் பாலில் இரண்டையாவது மீட்கலாம். பொற்கிண்ணத்துக்குச் சமமான செலவு கூட இல்லை.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் மிகப் பெரிய கூட்டம் திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் கூடுகிறது. காவடியோடும் பால்குடத்தோடும் மலையின் 365 படிகளையும் ஏறுகிறவர்கள் கொண்டாடும் நட்சத்திரம் யாருடையது என்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சரவணப் பொய்கையில் கிடந்த குழந்தைகளுக்குப் பாலூட்டிய ஆறு கார்த்திகைப் பெண்களுடைய நட்சத்திரம் அது. தாய் உமை, ஊட்டியவர்கள் அறுவர். கார்த்திகேயன் என்ற பெயரே ஊட்டியவர்களின் பெயரால் வந்தது. தாய்ப்பால் ஒரு தாயின் தனிச்சொத்தாக இருக்க வேண்டியதில்லை, பல பெண்கள் சேர்ந்து சுமக்கும் பொறுப்பாகவும் இருக்கலாம் என்பதை ஒரு திருவிழாவாகவே வைத்திருக்கிறோம். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இன்று அத்தகைய வங்கிகள் குறைமாதக் குழந்தைகளைக் காக்கின்றன. முகமறியாத பெண் கொடுத்த பாலை இன்னொருத்தியின் பிள்ளை குடிக்கும் அந்த ஏற்பாட்டுக்குக் கார்த்திகைப் பெண்களைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைக்க மாட்டார்கள். இதே மாவட்டத்தின் பழவேற்காட்டில் நூற்றாண்டுகளாக வாழும் முஸ்லிம்களின் வேதம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 233ஆம் வசனம் முழுதாக இரண்டு ஆண்டு பாலூட்டலைச் சொல்கிறது. சொன்ன கையோடு, பாலூட்டுகிறவளுக்கு உணவும் உடையும் தருவது தகப்பன் பொறுப்பு என்கிறது. எவர்மீதும் தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது, பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் துன்பம் வரக்கூடாது என்கிறது. இருவரும் கலந்து பேசிப் பால் மறக்கடிக்கலாம், வேறொரு பெண்ணைக் கொண்டு ஊட்டலாம், அவளுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. கடமையையும் அதைச் செய்வதற்கான வழியையும் ஒரே வசனத்தில் கட்டி வைத்திருக்கிறது.

'எங்கள் பாட்டி காலத்தில் சட்டமா இருந்தது, காப்பகமா இருந்தது? பத்துப் பெற்று பத்துக்கும் பால் கொடுத்தார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டி நடவுக்குப் போனபோது வரப்போரத்து மரத்தில் தூளி தொங்கியது. குழந்தை வீறிட்டால் காதில் விழும் தூரம். மூத்த பிள்ளை ஒன்று தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும், சேற்றுக்காலோடு ஏறி வந்து பால் கொடுத்துவிட்டு இறங்கலாம். கூலிக்கு நட்டவளுக்கு அதுவும் எளிதாகக் கிடைத்ததில்லை. வரப்பில் நின்ற மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துத்தான் ஏறியிருப்பாள். அந்தப் பத்தில் எத்தனை தங்கின என்பதையும் பாட்டிகளிடமே கேட்க வேண்டும். ஆனாலும் மார்புக்கும் வாய்க்கும் இடையே இருந்த தூரம் ஒரு வயலின் அகலம்தான். அதைப் பல கிலோமீட்டராக்கியது இயற்கை இல்லை. கேட், டைம் கார்டு, ஷிப்ட் என்ற மனித ஏற்பாடுகள் ஆக்கின. மனித ஏற்பாடு உண்டாக்கிய தூரத்தை மனித ஏற்பாடுதான் குறைக்க வேண்டும். 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளைக்கு இரண்டு அரைமணி நேரம் என்று எழுதி வைத்தது இந்தத் தூரத்தைப் பார்த்துத்தான்.

ஆலை நடத்துகிறவர்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆறு மாதச் சம்பளம், காப்பகம், இடைவேளை எல்லாவற்றையும் எங்கள் தலையில் வைத்தால் நாங்கள் கல்யாணமான பெண்களையே எடுக்க மாட்டோம் என்கிறார்கள். இது மிரட்டலாக மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடலாம். சிறிய யூனிட்களைப் பொறுத்தவரை இதில் உண்மையும் இருக்கிறது. நான் சொல்லும் வாதத்துக்கு இது எதிரானதும் அல்ல. கடன் தாய் ஒருத்தி தலையில் நிற்கக்கூடாது என்றால் முதலாளி ஒருவர் தலையிலும் நிற்க வேண்டியதில்லை. பம்பாய் சட்டமன்றத்தில் 1928இல் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்பதே முறை என்றும் சொன்னார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகியும் அந்தப் பேச்சு பழசாகவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, முதலாளி கொடுப்பதில்லை. சிப்காட் பெண்களில் பெரும்பாலோர் அந்தச் சம்பளத்துக்குள்தான் வருவார்கள். அவர்களை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் விடுப்பின் செலவு பற்றிய பேச்சே எழாது. காப்பகத்தைப் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவில் நடத்தலாம், அரசோ நகராட்சியோ நடத்துவதைப் பயன்படுத்தலாம் என்று புதிய சட்டத் தொகுப்பே வழி விட்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலோ தேர்வாய்க் கண்டிகையிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ சாலைக்கும் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் பொது ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, ஷிப்ட் நேரத்துக்கெல்லாம் திறந்திருக்கும் ஒரு பொதுக் காப்பகம் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

மூன்றாவது ஆட்சேபம் எனக்கு மிகவும் முக்கியமானது. தாய்ப்பாலைப் புனிதம் என்று ஏற்றி வைப்பதே பெண்ணை அடிக்கும் கோலாகிவிடுகிறது. கொடுக்க முடியாதவளும் வேண்டாம் என்று முடிவெடுத்தவளும் குற்றவாளியாகிறார்கள் என்று பெண்ணியவாதிகள் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவள், பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தவள், தத்தெடுத்தவள் இவர்களெல்லாம் தாய்மையில் ஒரு படி குறைந்தவர்களா? திருவாலங்காட்டில் போய் நின்றால் விடை கிடைக்கும். காரைக்கால் அம்மையார் பிள்ளை பெற்றதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. தசையும் அழகும் உதறிப் பேயுருவாகித் தலையால் நடந்து கயிலை ஏறியவர் அவர். தாயில்லாத இறைவன் அவரைப் பார்த்துத்தான் 'அம்மையே' என்று அழைத்தான். வற்றிய உடம்போடு இறைவனாலேயே தாய் என்று அழைக்கப்பட்டவர் வந்து சேர்ந்த ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கும்போது, பால் சுரந்தால்தான் தாய் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தேர்வு என்ற சொல்லிடம் நாம் கவனமாக இருக்க வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற பொருளில் பேசினார். டப்பாப் பாலை ஏழைத் தாய்மார்களிடம் தள்ளிவிடும் விளம்பரத்தால் இறக்கும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். இந்தியா 1992இல் சட்டம் போட்டு, குழந்தைப் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரத்தைத் தடை செய்தது. விளம்பரம் போனாலும் ஷிப்ட் போகவில்லை. பால் கட்டி வலிக்கும் மார்போடு நின்று களைத்து, வேறு வழியில்லாமல் பவுடர் டப்பாவை வாங்குகிறவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கொடுக்கவும் வழி இருந்து, நிறுத்தவும் வழி இருக்கும்போதுதான் அவள் சொல்லும் வேண்டாம் என்பது அவளுடைய சொல்லாகிறது. உதவி கேட்பவர்களும் விடுதலை கேட்பவர்களும் அந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

குழந்தையைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, செங்குன்றம் சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷன் மண் குழைக்க, பெண்டாட்டி கல் அறுக்க, கைக்குழந்தை சூளைக்கு அருகிலேயே ஒரு துணியில் கிடக்கும். காப்பகம் தேவையில்லாத அளவுக்கு அருகில் இருக்கிறது பிள்ளை. ஆனால் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு பத்து நிமிடமும் கல் கணக்கில் குறைகிறது, கல் குறைந்தால் முன்பணம் கழியாது. ஆலையில் இருப்பவளுக்குச் சட்டத்தில் இடைவேளை இருக்கிறது, கையில் குழந்தை இல்லை. சூளையில் இருப்பவளுக்குக் கையில் குழந்தை இருக்கிறது, இடைவேளை இல்லை. முதலாமவளுக்கு இடம் வேண்டும், இரண்டாமவளுக்கு நேரம் வேண்டும். நேரம் என்றால் அவளுக்குக் கூலிதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தமிழ்நாட்டு ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. பிழைக்க வந்த இடத்தில் பிள்ளை பெற்ற ஒடியாக்காரிக்கும் பால் அதே மாதிரிதான் ஊறுகிறது, அதே மாதிரிதான் வற்றுகிறது.

சாத்தனாரின் பாட்டில் ஏறிப்போன அந்தப் பார்வை இன்று எங்கே போய் முடியும் என்று பின்தொடர்ந்து பார்க்கலாம். குழந்தை தாயைப் பார்க்கிறது. தாய் சூப்பர்வைசரைப் பார்க்கிறாள். சூப்பர்வைசர் கான்ட்ராக்டரை, கான்ட்ராக்டர் கம்பெனியை, கம்பெனி அரசை. அங்கே முடிந்துவிடுவதாக நினைத்தால் நமக்கு வசதி. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல்லும் கும்மிடிப்பூண்டிக் கம்பியும் சென்னையில் எழும்பும் வீடுகளுக்குத்தான் வருகின்றன. கல்லின் விலையிலும் கம்பியின் விலையிலும் அந்த நான்கு வேளைப் பால் கழிக்கப்பட்டிருக்கிறது. வாங்குகிற நாம் அவ்வளவு குறைவாகக் கொடுத்திருக்கிறோம். குமணனிடம் அந்தப் பார்வை வந்து சேர்ந்தபோது அவன் அரியணையில் இல்லை. தம்பி நாட்டைப் பறித்துக்கொண்டான், குமணன் காட்டில் இருந்தான், அவன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்தது. இது இனி என் கடன் இல்லை என்று சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் தன் வாளை உருவிப் புலவர் கையில் கொடுத்தான், தன் தலையை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியிடம் பொருள் பெற்றுக்கொள்ளட்டும் என்று.